முகவரியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

ஊரிலிருந்து நம் விடுதிக்கு வரும் கடித உறையை நாம் மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். பெயர், அறை எண், விடுதி, பல்கலைக்கழகம், நகர், கடைசியில் பின்கோடு என்பது அதன் வரிசை. ஆனால் அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் அவ்வாறு படிப்பதில்லை. அவருடைய கண் முதலில் கடைசி வரிக்கே செல்லும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்க எண்ணில், முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தைக் காட்டும். 1 என்றால் தில்லி, பஞ்சாபு முதலிய வடபகுதி. 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தைச் சுட்டும். எஞ்சிய மூன்றும் அதனைக் கொண்டு சேர்க்கும் அஞ்சலகத்தைச் சுட்டும். கடிதம் யாருக்கு என்பது பிரிப்பவருக்கு வேண்டாத செய்தி. அது தபால்காரர் அறைக் கதவைத் தட்டும்போது மட்டுமே வேண்டுவது.

இணைய முகவரியின் நிலையும் இதுவே. கணினி அதனைக் கடிதம் பிரிப்பவரைப் போலப் படிக்கிறது. நாமோ உறையைக் கையில் வாங்கியவரைப் போல முன்னாலிருந்து படிக்கிறோம். இவ்விரு படிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்தே பிழைக்கின்ற ஒரு கூட்டமும் இருக்கிறது. ஆதலின் இம்முகவரியின் உறுப்புகளைப் பிரித்தறிவது கணினியியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று. நம் சங்கத்தில் கணினியியல் பயில்வோர் பலர் உள்ளனர். இயற்பியல் மாணவனாகிய என்னைவிட அவர்கள் இதனை நுட்பமாக எழுதக்கூடும். ஆனால் அவர்கள் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

நம் இதழ் தமிழெழுத்தில் அச்சாவதால் முகவரிகளையும் தமிழில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். ‘எச்டிடிபிஎஸ்’, ‘காம்’, ‘கவ்’, ‘ஏசி’, ‘இன்’ என்று வரும் இடங்களில் நீங்கள் நாள்தோறும் திரையில் காணும் எழுத்துகளை மனத்தில் கொள்க. எடுத்துக்காட்டாக, கற்பனையான ஒரு கல்லூரி நூலகத்தின் முகவரியைக் காண்போம்.

எச்டிடிபிஎஸ்://நூலகம்.கல்லூரி.ஏசி.இன்/இதழ்கள்/2019/பட்டியல்?மொழி=தமிழ்&பக்கம்=3#ஆசிரியர்

பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தோன்றினாலும் இதிலுள்ள ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை உண்டு. முக்காற்புள்ளி, சாய்கோடு, புள்ளி, கேள்விக்குறி, ஹேஷ் குறி ஆகிய இவை வேலிகள். ஒரு கூறு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை இவையே சொல்கின்றன. இவ்வமைப்பை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்து நாட்டில் செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியபோது, 1989-ஆம் ஆண்டில், ஆய்வறிக்கைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையைப் பற்றி அவர் ஒரு திட்டம் எழுதினார். உலகளாவிய வலை அதிலிருந்து பிறந்தது. முகவரியின் இலக்கணம் 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் முறைப்படி எழுதி வெளியிடப்பட்டது; 2005-ஆம் ஆண்டு சனவரியில் திருத்தி விரிவாக்கப்பட்டது.

முதலுறுப்பு ‘எச்டிடிபிஎஸ்’. கணினிகள் இரண்டும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை அது கூறும். இவ்விடத்தில் ‘மெயில்டு’ என்று வந்தால் மின்னஞ்சல் எழுதும் பலகை திறக்கும். ‘டெல்’ என்று வந்தால் தொலைபேசி எண் அழைக்கப்படும். அதனையடுத்து முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் வருகின்றன. அச்சாய்கோடுகள் இல்லாமலே முகவரியை அமைத்திருக்கலாம் என்று பெர்னர்ஸ்-லீயே 2009-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். உலகில் எத்தனை கோடி விரல்கள் எத்தனை கோடி முறை அவற்றைத் தட்டியிருக்கும்!

இனி, நடுவிலிருக்கும் ‘நூலகம்.கல்லூரி.ஏசி.இன்’ என்னும் பகுதிக்கு வருவோம். இதுவே முகவரியின் உயிர்நிலை. டொமைன் என்று நாம் பேச்சில் வழங்கும் களப்பெயர் இதுதான்.

கணினிகளுக்கு உண்மையில் பெயர்கள் வேண்டியதில்லை, எண்களே போதும். மனிதருக்கு எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் பெயர்கள் வந்தன. தொடக்கத்தில், இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலையில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு பட்டியலில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் காக்கப்பட்டன. மற்றவர்கள் அதனைப் படியெடுத்துக்கொள்வர். கணினிகள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைக் கைவிட்டு, பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிக்கும் ஒரு முறையை வகுத்தார். இன்றும் அம்முறையே நடக்கிறது.

நம் உலாவி அந்த நூலகத்தின் எண்ணை அறிய வேண்டுமானால், அதற்காக விசாரிக்கும் கணினி வலக்கோடியிலிருந்து தொடங்கும். முதலில் வேர் வழங்கிகளை அணுகும். உலகில் 13 பெயர்களில் இவ்வேர் வழங்கிகள் உள்ளன. அவற்றின் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பல நாடுகளில் இயங்குகின்றன. ‘நூலகம் எங்கே?’ என்று கேட்டால் வேருக்குத் தெரியாது. ‘இன் என்பது இந்தியாவுக்கு உரியது, அதன் பொறுப்பாளர் இன்னார், அங்கே கேள்’ என்று மட்டும் அது விடையளிக்கும். இந்தியப் பொறுப்பாளரிடம் சென்றால், ஏசி.இன் என்பதன் கீழுள்ள ‘கல்லூரி’ என்ற பெயருக்குப் பொறுப்பான வழங்கியைக் காட்டுவார். அந்த வழங்கியே கடைசியாக நூலகத்தின் எண்ணைத் தரும். தாலுகா அலுவலகத்தில் தொடங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் முடிகிற சான்றிதழ் அலைச்சலை ஒத்த வழிதான் இது. ஆனால் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. ஒருமுறை கிடைத்த விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் வேர்வரை செல்ல நேர்வதுமில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. களப்பெயரில் பெரியது வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் செல்லச் செல்லச் சிறியதாகிறது. தமிழருக்கு இவ்வரிசை இயல்பானதன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரை முதலில் வைத்து, தந்தையை அடுத்து வைத்து, ஆளைக் கடைசியில் வைப்பதே நம் மரபு. இன்றும் நம்மில் பலர் ஊரின் முதலெழுத்தையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் முன்னே சூடிக்கொண்டுதான் இங்கு வந்து, விண்ணப்பப் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கப்படும் கட்டத்தில் திகைத்து நிற்கிறோம். களப்பெயரின் இலக்கணப்படி எழுதினால் அப்புலவர் ‘நக்கீரனார்.கணக்காயனார்.மதுரை’ ஆகிவிடுவார்.

நம் மரபைப் போல எழுதியவர்களும் இருந்தனர். பிரிட்டனின் பல்கலைக்கழகங்களை இணைத்த வலையில், 1980-களில், நாட்டை முதலிலும் துறையைக் கடைசியிலும் எழுதுவதே வழக்கம். மற்ற உலகம் எதிர்த்திசையில் எழுதியதால், இரண்டுக்கும் இடையில் அஞ்சல்களைத் திருப்பி எழுதும் பொறிகள் அவ்வப்போது குழம்பின. ‘சிஎஸ்’ என்ற ஈரெழுத்து, கணினியியல் துறையைக் குறித்ததோடு அன்றைய செக்கோசுலோவாக்கியா நாட்டையும் குறித்ததனால், எந்தப் பக்கம் நாடு, எந்தப் பக்கம் துறை என்று பொறி தடுமாறியது. பின்னர் பிரிட்டனும் உலக வழக்குக்கு மாறிக்கொண்டது.

களப்பெயர் முடிந்து ஒற்றைச் சாய்கோடு வந்ததும் திசை மாறுகிறது! ‘/இதழ்கள்/2019/பட்டியல்’ என்னும் பகுதியில் பெரியது முன்னும் சிறியது பின்னும் நிற்கின்றன. ஆக, இணைய முகவரி நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு குன்று போன்றது. ‘://’ என்பதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு உடனடி இடப்புறமே குன்றின் உச்சி. சாய்கோடே இல்லாவிட்டால், கேள்விக்குறியோ ஹேஷ் குறியோ முகவரியின் முடிவோ எது முதலில் வருகிறதோ, அதற்கு இடப்புறம் உச்சி. முகவரியை அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை மறந்தாலும் குற்றமில்லை.

உச்சியில் ‘இன்’ என்றிருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? கூடாது. 2005-ஆம் ஆண்டு முதல் ‘இன்’ என்னும் முடிவில் எவரும் பணம் கட்டிப் பெயர் பதியலாம். ‘கோ.இன்’, ‘ஆர்க்.இன்’ என்பனவும் அப்படியே. ஆனால் ‘கவ்.இன்’ அரசுக்கு மட்டும் உரியது. ‘ஏசி.இன்’, ‘எடு.இன்’ என்பவை கல்வி நிறுவனங்களுக்கு உரியவை; எர்நெட் இந்தியா என்னும் அமைப்பு சான்றுகளைப் பார்த்தே அவற்றை அளிக்கிறது. வங்கிகளுக்கெனத் தனியே ‘பேங்க்.இன்’ என்னும் முடிவை ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாளுக்குள் வங்கிகள் அதற்கு மாறிவிட வேண்டுமென்று கெடு விதித்தது. ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வழியாக மட்டுமே அது கிடைக்கும். இது எனக்கு மிகப் பிடித்த சீர்திருத்தம். ஏனெனில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இனித் தம் வங்கியின் வாசலை அடையாளம் காண முடியும். கடவுச்சொல்லின் நீளத்தைப் பற்றி ஆயிரம் அறிவுரை சொல்வதைவிட இது மேல்.

ஒரு முகவரி யாருடையது என்று அறிய எத்தனை கூறுகளை எண்ண வேண்டும்? ‘காம்’ என்று முடிந்தால், அதற்கு இடப்புறம் நிற்கும் ஒரு கூறே உரிமையாளர். ‘ஏசி.இன்’ என்று முடிந்தால், அவ்விரண்டையும் விட்டு மூன்றாவது கூறே உரிமையாளர். இதனைப் புள்ளிகளைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. அந்தந்த நாட்டின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். உலாவிகளே இதற்கென ஒரு நீண்ட பட்டியலைக் கையில் வைத்திருக்கின்றன. உரிமையாளருக்கு இடப்புறம் எத்தனை கூறுகள் வந்தாலும் அவை அவருடைய வீட்டின் அறைகள். தம் வீட்டு அறைக்கு ஒருவர் என்ன பெயரையும் சூட்டலாம். எவரும் தடுக்க முடியாது. ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்பதும் அத்தகைய ஓர் அறைப்பெயரே; பழக்கத்தால் வந்ததே தவிர அதற்கு வேறு தெய்வீகம் இல்லை.

அறைக்கு என்ன பெயரையும் சூட்டலாம் என்பதன் விலையை எங்கள் விடுதியிலேயே பார்த்தோம். சென்ற ஆண்டு, ஊரிலிருந்து புதிதாக வந்த முதலாண்டுத் தம்பி ஒருவருக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கல்வி உதவித்தொகை அவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், சரிபார்ப்புக் கட்டணமாக 499 ரூபாய் செலுத்த வேண்டுமென்றும் அது கூறியது. அச்செய்தி நல்ல தமிழில் இருந்தது. கடைப்பலகை முதல் உணவுக்கூட அறிவிப்புவரை எல்லாம் வேற்றுமொழியில் இருக்கும் ஊரில், தமிழில் வரும் ஒரு வரிக்கு நம் மனம் எவ்வளவு எளிதில் இளகுகிறது என்பதை இங்கு வந்த முதல் ஆண்டை நினைத்துப் பார்ப்பவர் அறிவர். அவர் இணைப்பை அழுத்தினார். அட்டையின் எண்ணையும், வந்த ஓடிபி எண்ணையும் கொடுத்தார். சில நிமிடங்களில் 18,500 ரூபாய் போய்விட்டது. அப்பா பருவக் கட்டணத்துக்காக அனுப்பிய பணம் அது.

மறுநாள் காலையில் அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பெயர்களைச் சற்று மாற்றி எழுதினால் அம்முகவரி இப்படி இருந்தது.

எச்டிடிபிஎஸ்://ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்.விண்ணப்பம்-4417.காம்/சரிபார்ப்பு

“கவ்.இன் இருக்கே அண்ணா? நான் பார்த்துத்தான் அண்ணா அமுக்கினேன்” என்றார்.

இருக்கிறது. அரசின் கல்வி உதவித்தொகைத் தளத்தின் முகவரியும் ‘ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்’ என்பதே. ஆனால் இங்கே அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒற்றைச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படித்துப் பாருங்கள். உச்சியில் ‘காம்’ நிற்கிறது. வீட்டின் உரிமையாளர் ‘விண்ணப்பம்-4417’. அந்த வீட்டின் அறைகளுக்கு ‘இன்’ என்றும் ‘கவ்’ என்றும் ‘ஸ்காலர்ஷிப்ஸ்’ என்றும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கைப்பேசியின் குறுகிய திரையில் இணைப்பு மடிந்து விழுந்ததால், முதல் வரியில் அரசின் பெயரும் இரண்டாம் வரியில் கள்வரின் பெயரும் நின்றன. முதல் வரியைப் பார்த்து நம்பிய பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அன்றே பேசினோம். புகாரும் பதிவு செய்தோம். பணம் திரும்பவில்லை. அந்த எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு மிகுதி. ஓர் இரவு கழிந்தது எங்களுக்குக் கேடாயிற்று. பருவக் கட்டணத்தைச் சங்க நண்பர்கள் பகிர்ந்து கட்டினோம். அவர் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறார். வேண்டாமென்று சொன்னாலும் கேட்பதில்லை.

இதே சூழ்ச்சி வேறு உருவங்களிலும் வரும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோட்டை வைப்பது ஒன்று. ‘உதவித்தொகை.கவ்.இன்’ என்பது அரசின் வீடு; ‘உதவித்தொகை-கவ்.இன்’ என்பது யாரும் வாங்கக்கூடிய வீடு. சிறுகோடு வேலியன்று, அது பெயரின் ஓர் எழுத்துப் போன்றதே. மற்றொன்று, மின்னஞ்சலில் நாம் காணும் ‘@’ குறி. களப்பெயருக்கு முன்னால் அக்குறி வந்தால், அதற்கு இடப்புறம் உள்ளதெல்லாம் பயனர் பெயர் என்பது பழைய இலக்கணம். ‘என்வங்கி.பேங்க்.இன்@வேற்றிடம்.காம்’ என்று எழுதினால், உலாவி செல்வது வேற்றிடத்துக்கே. சுருக்கப்பட்ட முகவரிகளிலும், சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரங்களிலும் உச்சி கண்ணுக்கே தெரிவதில்லை. பக்கம் திறந்த பிறகு மேலேயுள்ள பட்டையில்தான் பார்க்க முடியும். பார்த்த பிறகே விரல் எதையும் நிரப்ப வேண்டும்.

‘எச்டிடிபிஎஸ்’ இருந்தது, பூட்டுப் படமும் இருந்தது என்று சிலர் கூறுவர். அந்தப் பூட்டு, உங்களுக்கும் அவ்வீட்டுக்கும் இடையிலான வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே உறுதி. வீட்டில் இருப்பவர் நல்லவரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இதற்கான சான்றிதழை இலவசமாகவே வழங்கிவருகிறது. அதனால் உலகுக்கு நன்மை பெரிது. எனினும் கள்வர் வீட்டுக்கும் பூட்டு எளிதில் கிடைக்கிறது. பூட்டைக் கண்டு மக்கள் தவறான நம்பிக்கை கொள்கின்றனர் என்பதனாலேயே குரோம் உலாவி 2023-இல் அப்படத்தை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

சில முகவரிகளில் களப்பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் ஓர் எண்ணும் காணப்படும். அது வாசல் எண். எச்டிடிபிஎஸ் வழக்கமாக 443-ஆம் வாசலில் நுழைவதால் அதனை எழுதுவதில்லை. வேறு வாசலானால் எழுதியாக வேண்டும்.

சாய்கோட்டுக்கு வலப்புறம் இருப்பது பாதை. முற்காலத்தில் இது வழங்கிக் கணினியில் உள்ள உண்மையான கோப்புறைகளையும் கோப்பையும் குறித்தது. இன்று பெரும்பாலும் அப்படி இல்லை. அப்பெயரைக் கண்டு என்ன காட்டுவது என்று வழங்கியிலுள்ள நிரல் முடிவு செய்கிறது. கேள்விக்குறிக்குப் பின் வருபவை அந்நிரலுக்கு நாம் எழுதியனுப்பும் குறிப்புகள்: மொழி தமிழ், பக்கம் 3 என்பன போல. நண்பர்கள் அனுப்பும் இணைப்புகளில் இப்பகுதி அனுமார் வாலாய் நீண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதில் பெரும்பகுதி, நீங்கள் எங்கிருந்து, யார் அனுப்பிய இணைப்பின் வழியாக வந்தீர்கள் என்று வணிகர்கள் கணக்கெடுக்க ஒட்டிவிடும் சீட்டுகள். அவற்றை வெட்டிவிட்டு முயன்றாலும் பக்கம் பெரும்பாலும் திறக்கும். சில வேளைகளில் உங்கள் கணக்கைத் திறக்கும் தற்காலிகச் சாவியும் அவ்வாலில் தொங்கும். கடவுச்சொல் மாற்ற வந்த இணைப்பைப் பிறருக்கு அனுப்பக்கூடாது என்பது இதனால்தான்.

ஹேஷ் குறிக்குப் பின் வரும் ‘ஆசிரியர்’ என்னும் உறுப்பில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு. முகவரி முழுவதும் வழங்கிக்குச் செல்ல, இது மட்டும் நம் உலாவியை விட்டு வெளியே செல்வதில்லை. பக்கம் வந்து சேர்ந்த பின், அதில் எந்த இடத்தைக் காட்டுவது என்று உலாவி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. புத்தகத்தில் நாம் செருகும் மயிலிறகு போல.

இனித் தமிழெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் முகவரியைப் படியெடுத்து வீட்டுக்கு அனுப்பினால், விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த ஒரு பெரும் தொடர் போய்ச் சேர்வதைப் பலர் கண்டு அஞ்சியிருப்பர். அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. முகவரியின் இலக்கணம் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையுமே ஏற்கும். மற்ற எழுத்துகளை எண்ணாக்கியே அனுப்ப வேண்டும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக மூன்று குறிகள். ஐம்மூன்று பதினைந்து, மும்மடங்கு நாற்பத்தைந்து. நம் மொழியின் பெயரை எழுத 45 குறிகள்!

களப்பெயரில் வேறு முறை. அங்கும் நெடுநாள் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு என்பவை மட்டுமே இடம்பெற்றன. பின்னர், பிறமொழிப் பெயரை ஆங்கில எழுத்துத் தொடராகச் சுருக்கி முன்னால் ஓர் அடையாளத்தை ஒட்டும் முறை வகுக்கப்பட்டது. அதன் பயனாக இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் மூன்று முடிவுகள் தமிழெழுத்திலேயே உள்ளன. பயன்படுத்துவோர்தாம் குறைவு.

வசதி வரும்போது இடரும் உடன் வருகிறது. ஒரே உருவமுடைய வெவ்வேறு எழுத்துகள் உலகில் பல உள்ளன. 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர், ரசிய மொழிகள் எழுதப்படும் சிரில்லிக் எழுத்துகளை மட்டும் கொண்டு, திரையில் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் ஒரு பெயரைப் பதிந்து காட்டினார். உலாவிகள் அதன்பின் விழித்துக்கொண்டன. தமிழிலும் இச்சிக்கல் உண்டு. க என்ற எழுத்தும் ௧ என்ற தமிழ் எண்ணும், உ-வும் ௨-உம், எ-வும் ௭-உம், அ-வும் ௮-உம் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு முற்றிலும் வேறு. ஔ என்னும் உயிரெழுத்தை ஒ-வும் ள-வும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதுவோர் நம்மில் எத்தனை பேர்! கள்ளம் ஏதுமின்றி, விசைப்பலகைப் பழக்கத்தாலேயே அப்படி எழுதுகிறோம். தமிழ்க் களப்பெயர்களுக்கு விதி வகுப்போர், இவ்விணைகளுள் ஒன்றை ஒருவருக்கு அளித்தபின் மற்றதைப் பிறருக்கு அளிக்காதபடி தடுத்தாக வேண்டும். சாய்கோட்டுக்கு வலப்புறம் அத்தகைய பொதுக்காவலும் கிடையாது. அது அந்தந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒருவர் ‘ஔவையார்’ என்று சரியாகத் தட்டிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க, அதே முகவரியில் ‘ஒளவையார்’ என்று தட்டிய அவருடைய அறைத்தோழர், வீட்டுக்காரர் முன்னேற்பாடு ஏதும் செய்திராவிட்டால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்னும் 404 அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.